கூட்டணி கலைந்தால் கொண்டாட்டம் யாருக்கு?

பதின்மூன்று கல்லூரிகள் ஒரே கூட்டணியில் இருந்தன. 2018ல் ஒன்று வெளியேறிற்று. 2019ல் மற்றொன்று. 2021 ஜூலை முதல் நாளன்று ஒரே வீச்சில் மூன்று வெளியேறின. எண்ணிப் பார்த்தபோது மிச்சம் எட்டு!

அமெரிக்க நாட்டில் கறுப்பு மக்களுக்கென்று எழுந்த கல்லூரிகளின் விளையாட்டுக் கூட்டணி ஒன்றின் கணக்கு இது. அந்நாட்டில் கல்லூரிகள் பத்துப் பன்னிரண்டாகச் சேர்ந்து தமக்குள் பந்தயம் நடத்திக் கொள்ளும். வரும்படியைப் பங்கிட்டுக் கொள்ளும். நாட்டளவிலான போட்டிகளுக்குத் தம் வெற்றியாளரை அனுப்பி வைக்கும். அப்படிப்பட்ட அமைப்பை அவர்கள் கான்ஃபரன்ஸ் என்பர். நாம் கூட்டணி என்றே எழுதுவோம். நமக்குப் பழகிய சொல். பொருளும் பிசகாமல் பொருந்துகிறது.

"பந்தாட்டச் செய்தியைக் கடைசிப் பக்கத்தில் போடலாமே, இந்த இடத்தில் எதற்கு?" என்று கேட்கும் தோழர்கள் இருப்பார்கள். கேட்பது நியாயமே. ஆனால் பந்து உருளும் இடத்தில் அங்கே பணமும் உருளுகிறது. பணம் உருளும் இடத்தில் வலுத்தவன் பங்கு வேறு, இளைத்தவன் பங்கு வேறு என்றாகிறது. பத்துப் பேர் சேர்ந்து கட்டிய சங்கத்தில் இருந்து, வசதி கிடைத்தவர் ஒவ்வொருவராக விலகும்போது எஞ்சியோர் கதி என்ன என்ற கேள்வி எழுகிறது. சங்கம் கட்டிக் காத்தவர்களுக்கு இந்தக் கேள்வியின் கனம் தெரியும். ஆகவேதான் எழுதுகிறோம்.

பூட்டிய கதவுக்கு வெளியே

அமெரிக்காவில் அடிமை முறை 1865ல் சட்டப்படி ஒழிந்தது. தளை அறுந்தது, பள்ளியின் கதவு திறக்கவில்லை. தென் மாநிலங்களின் கல்லூரிகள் வெள்ளையர்க்கே என்று வாயிற்காவல் நின்றன. 1890ல் அந்நாட்டுப் பாராளுமன்றம் ஒரு சட்டம் செய்தது. வேளாண்மையும் பொறித்தொழிலும் கற்பிக்கும் கல்லூரிக்கு மத்திய அரசின் பணம் வேண்டுமா, கறுப்பு மாணவரைச் சேர்த்துக் கொள். சேர்க்க மனம் இல்லையா, அவர்களுக்குத் தனிக் கல்லூரி ஏற்படுத்திப் பணத்தை நியாயமாகப் பங்கிடு என்றது அச்சட்டம். தென் மாநிலங்கள் இரண்டாவது வழியைப் பிடித்துக் கொண்டன. தனிக் கல்லூரி ஏற்படுத்தின. நியாயமான பங்கை மட்டும் மறந்து போயின! இந்த மறதியை மனத்தில் குறித்துக் கொள்ளுங்கள். பின்னால் கணக்குக் கேட்போம்.

1892 டிசம்பர் 27ஆம் நாள். வட கரோலினா மாநிலத்தின் சாலிஸ்பரி நகரம். பனி கொட்டுகிறது. பிடில் கல்லூரியும் லிவிங்ஸ்டன் கல்லூரியும் களத்தில் இறங்குகின்றன. ஆட்டம் அமெரிக்கக் கால்பந்து. முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு, எதிரே மறிப்பவரை மோதித் தள்ளிக்கொண்டு ஓடும் முரட்டு ஆட்டம். கறுப்பர் கல்லூரிகள் இரண்டு அந்த ஆட்டத்தில் மோதியது அதுவே முதல் தடவை. லிவிங்ஸ்டன் ஆட்டக்காரர்களுக்கு உடை தைத்துக் கொடுத்தவர்கள் அக்கல்லூரியின் தையல் வகுப்புப் பெண்கள். தெருவில் நடக்கும் காலணியிலேயே பிடிப்புக் கட்டைகளைப் பொருத்திக்கொண்டு ஆடினார்கள். புரவலர் இல்லை, கருவூலம் இல்லை, கையில் இருந்ததைக் கொண்டு ஆடினார்கள்.

வெள்ளையர் கல்லூரிகள் இவர்களோடு ஆட மறுத்தன. சேர்க்க மறுத்தவர்கள் வாயிலில் காத்துக் கிடக்காமல் இவர்கள் தாமே கூடினார்கள். 1912ல் வர்ஜீனியா மாநிலத்து ஹாம்ப்டனில் முதல் கூட்டணி பிறந்தது. ஹாம்ப்டன், ஹோவர்டு, லிங்கன், ஷா, வர்ஜீனியா யூனியன் ஆகிய ஐந்தும் முன்னின்றன. மறு ஆண்டு தென்கிழக்கில் இன்னொரு கூட்டணி. 1920ல் டெக்சஸ் மாநிலக் கல்லூரிகள் ஆறு கூடி 'ஸ்வாக்' எனச் சுருக்கமாக அழைக்கப்படும் சவுத்வெஸ்டர்ன் கூட்டணியை அமைத்தன. 1970ல் அட்லாண்டிக் கரையோரக் கல்லூரிகள் ஏழு சேர்ந்து மிட்-ஈஸ்டர்ன் கூட்டணியை உண்டாக்கின, 'மீயாக்' என்பார்கள். பதின்மூன்று எட்டான கதை இந்த மீயாக்கின் கதைதான்.

வறுமையில் விளைந்த வைரங்கள்

இந்தக் கல்லூரிகள் சாதித்தது என்ன? கொஞ்சமா!

கிராம்பிளிங் கல்லூரியில் எடி ராபின்சன் என்றொரு பயிற்சியாளர் 1941ல் பொறுப்பேற்றார், 1997ல்தான் இறங்கினார், 408 ஆட்டங்களில் வென்றார். அவரிடம் பயின்ற டக் வில்லியம்ஸ் 1988ல் சூப்பர் பவுல் எனும் அந்நாட்டின் மாபெரும் ஆட்டத்தில், அணியை நடத்தும் குவார்ட்டர்பேக் இடத்தில் நின்று வென்ற முதல் கறுப்பர் ஆனார். கறுப்பருக்கு ஓடத் தெரியும், அணியை நடத்தும் மூளை இல்லை என்று பேசி வந்தவர்களின் வாய் அன்று அடைத்தது. ஓட்டத்தில் புகழ்பெற்ற வால்டர் பேட்டன் ஜாக்சன் ஸ்டேட் கல்லூரி தந்த பிள்ளை. பந்தைப் பற்றுவதில் நிகரற்ற ஜெரி ரைஸ் மிசிசிப்பி வாலி ஸ்டேட் தந்த பிள்ளை. அவர் ஒரு கொத்தனாரின் மகன் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

1960ல் ரோம் ஒலிம்பிக்கில் மூன்று தங்கம் வென்ற வில்மா ருடால்ஃப் டென்னசி ஸ்டேட் கல்லூரி மாணவி. குழந்தைப் பருவத்தில் இளம்பிள்ளை வாதம் தாக்கி, காலுக்கு இரும்புக் கட்டுப் போட்டு நடந்த பெண் அவர்! 1964ல் டோக்கியோவில் நூறு மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்ற பாப் ஹேய்ஸ் ஃபுளோரிடா ஏ அண்டு எம் மாணவர்.

இவர்கள் களத்தில் மட்டும் நின்றவர்களா? இல்லை. 1960 பிப்ரவரி முதல் நாள் கிரீன்ஸ்பரோ நகரத்து உல்வொர்த் கடையில், வெள்ளையர்க்கே என்று ஒதுக்கிய உணவு மேடையில் போய் அமர்ந்து, எழ மறுத்த நான்கு இளைஞர்களும் நார்த் கரோலினா ஏ அண்டு டி கல்லூரியின் முதலாண்டு மாணவர்கள். 1968 பிப்ரவரி 8ஆம் நாள் ஆரஞ்ச்பர்க் நகரில் சவுத் கரோலினா ஸ்டேட் கல்லூரி வளாகத்தில் காவலர் துப்பாக்கிகள் சுட்டதில் மூன்று இளைஞர்கள் மாண்டார்கள். இருபதுக்கு மேற்பட்டோர் காயமுற்றார்கள். அந்தக் கிளர்ச்சி எதிலே தொடங்கியது தெரியுமா? கறுப்பரை உள்ளே விட மறுத்த ஒரு பந்துருட்டும் விளையாட்டுக் கூடத்தில்! மாண்ட மூவரின் பெயரையும் அக்கல்லூரி தன் கூடைப்பந்து அரங்குக்குச் சூட்டியது. விளையாட்டுக்கும் உரிமைக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்களுக்கு அந்த அரங்கின் பெயரே விடை.

கதவு திறந்தது, களஞ்சியம் கரைந்தது

1970 செப்டம்பர் 12ஆம் நாள் அலபாமாவின் பர்மிங்காம் நகரில் ஓர் ஆட்டம். அலபாமா அணியில் அன்று ஆடியவர்களில் ஒருவரும் கறுப்பர் அல்லர். எதிரே சதர்ன் கலிஃபோர்னியா அணி. அதன் முன்னணியில் கறுப்பு இளைஞர்கள். முடிவு 42க்கு 21. அலபாமா தோற்றது. அடுத்த ஆண்டே அலபாமாவின் முதல் அணியில் கறுப்பு ஆட்டக்காரர் இடம்பெற்றார். நீதி உணர்ச்சியால் அசையாத சிலர் தோல்வி பயத்தால் அசைந்தார்கள்!

கதவு திறந்தது நல்லது. அதற்காகத்தானே அடிபட்டார்கள், சிறை சென்றார்கள்! எந்தக் கல்லூரியில் சேர வேண்டும் என்று ஓர் இளைஞன் தானே முடிவு செய்யும் உரிமையை நாம் குறை சொல்ல மாட்டோம். ஆனால் அந்தக் கதவு ஒரு பக்கமாகத்தான் திறந்தது. ஆட்டக்காரர்களை உள்ளே இழுத்தார்கள். அவர்களை ஆளாக்கிய பயிற்சியாளர்களை அழைக்கவில்லை. வெளியே இருந்த கல்லூரிகளுக்குச் சேர வேண்டிய பணத்தையும் அனுப்பவில்லை. விதைத்தது ஒரு வயல். அறுவடை வேறொரு களஞ்சியத்துக்கு!

இன்று அந்தக் களஞ்சியத்தின் அளவைக் கேட்டால் தலை சுற்றும். பிக் டென் என்ற பெருங்கல்லூரிக் கூட்டணி 2022ல் தொலைக்காட்சி நிறுவனங்களோடு செய்த ஒப்பந்தம் ஏழு ஆண்டுக்கு 700 கோடி டாலருக்கு மேல். இந்தப் பணத்தின் வாடை பட்டதும் பெரிய வீடுகளே இடிந்தன. 1915ல் தோன்றிய பசிஃபிக் கரைக் கூட்டணியின் பன்னிரண்டு கல்லூரிகளில் பத்து, 2022லும் 2023லும் விலகல் முடிவு எடுத்தன. பசிஃபிக் கரையில் இருக்கும் ஸ்டான்ஃபோர்டும் கலிஃபோர்னியாவும் போய்ச் சேர்ந்த கூட்டணியின் பெயர் என்ன? அட்லாண்டிக் கரைக் கூட்டணி! ஒரு மாகடலில் இருந்து இன்னொரு மாகடலுக்குத் தாவ வைத்தது பணம். நூறாண்டு உறவு ஒரு கோடைக் காலத்துக்குத் தாங்கவில்லை.

2025 ஜூனில் நீதிமன்றம் ஒப்புக்கொண்ட உடன்பாட்டின்படி, 2025-26 ஆண்டில் ஒரு கல்லூரி தன் ஆட்டக்காரர்களுக்கு 2 கோடியே 5 இலட்சம் டாலர் வரை நேரடியாகப் பங்கு தரலாம் என்றாயிற்று. உழைப்பவனுக்குக் கூலி கிடைப்பதை நாம் வரவேற்கிறோம். பல்லாண்டு காலம் ஆட்டக்காரனின் வியர்வையில் அரங்கம் கட்டினார்கள். அவனுக்குக் கூலி இல்லை என்றார்கள். அது முடிந்தது நல்லதே. ஆனால் இரண்டு கோடி தரக்கூடிய கல்லூரி எது, மருத்துவக் கட்டும் துணியும் எண்ணி எண்ணி வாங்கும் கல்லூரி எது என்பதையும் பார்க்க வேண்டாமா? 2021ல் ஆட்டக்காரர்கள் ஓராண்டு காத்திராமல் கல்லூரி மாறலாம் என்று விதி தளர்ந்தது. சிறிய கல்லூரி தேடிப் பிடித்து, பழக்கி, பளபளக்கச் செய்த ஆட்டக்காரனைப் பெரிய கல்லூரி மறு ஆண்டே கொத்திக்கொண்டு போக வழி பிறந்தது.

அடி வாங்கினால் அரிசி

பணத்துக்கு என்ன வழி? பெரிய கல்லூரிகள் ஒரு வழி வைத்திருக்கின்றன. எங்கள் ஊருக்கு வா; எங்கள் மக்கள் முன்னால் எங்களிடம் தோற்றுப் போ; காசோலை வாங்கிக்கொண்டு வீடு திரும்பு என்பதே அந்த வழி.

2012ல் சவானா ஸ்டேட் ஓக்லஹாமா ஸ்டேட்டிடம் 84க்குப் பூஜ்யம் என்று தோற்றது. அடுத்த வாரம் ஃபுளோரிடா ஸ்டேட்டிடம் 55க்குப் பூஜ்யம். அந்த ஆட்டமும் புயல் மழையால் இடையிலேயே நின்றதால் இவ்வளவோடு போயிற்று! 2013ல் ஃபுளோரிடா ஏ அண்டு எம் ஓஹையோ ஸ்டேட்டிடம் 76க்குப் பூஜ்யம் என்று தோற்றது. கிடைத்தது சுமார் 9 இலட்சம் டாலர். அந்தக் காசோலையில்தான் ஓட்டப் பந்தயப் பெண்களின் பயணச் செலவும் மட்டைப்பந்துப் பையன்களின் உடையும் அடங்கும். பதினெட்டு, இருபது வயது இளைஞர்களின் எலும்பை அடகு வைத்து நிர்வாகச் செலவை ஈடு கட்டும் முறை இது. ஆட்டம் என்று பெயர். நடப்பது வாடகைக்கு அடி வாங்கும் வியாபாரம்.

இந்த நிலையில்தான் விலகல்கள் நடந்தன. விலகியவர்கள் எல்லோரையும் ஒரே தராசில் நிறுத்துவது நியாயம் ஆகாது.

சவானா ஸ்டேட் 2019ல் முதல் பிரிவை விட்டே இறங்கி இரண்டாம் பிரிவுக்குப் போயிற்று. செலவு தாங்கவில்லை. அதைக் குறை கூற யாருக்கு மனம் வரும்?

ஃபுளோரிடா ஏ அண்டு எம்மும் பெதூன்-குக்மனும் 2021ல் ஸ்வாக்கில் சேர்ந்தன. மீயாக் ஃபுளோரிடாவில் இருந்து வடக்கே டெலவேர் வரை நீண்டு கிடந்த கூட்டணி. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் நெடும்பயணம், பயணத்துக்குப் பணம், பணத்துக்குக் கடன். ஸ்வாக்கிலோ பக்கத்து மாநிலமான அலபாமாவிலேயே இரண்டு கல்லூரிகள். தவிர, ஸ்வாக்கும் கறுப்பர் கல்லூரிகளின் கூட்டணியே. அண்ணன் வீட்டில் இருந்து அக்காள் வீட்டுக்குக் குடி மாறியது போல. எஞ்சியவர்க்கு வலி உண்டு. துரோகம் என்று சொல்ல மாட்டோம். 2023ல் ஃபுளோரிடா ஏ அண்டு எம், ஸ்வாக்கின் கொடியை ஏந்தி மீயாக்கின் ஹோவர்டை 30க்கு 26 என்று வென்று வாகை சூடியது.

ஹாம்ப்டனும் நார்த் கரோலினா ஏ அண்டு டியும் போன வழி வேறு. ஹாம்ப்டன் 2018லும், ஏ அண்டு டி 2021லும் பிக் சவுத் என்ற பொதுக் கூட்டணியில் சேர்ந்தன; 2022ல் இரண்டும் மேலும் ஒரு படி நகர்ந்து சி.ஏ.ஏ. எனும் அட்லாண்டிக் கரைப் பொதுக் கூட்டணி ஒன்றுக்குப் போயின. 1912ல் கறுப்பர் கல்லூரிகளின் முதல் கூட்டணிக்குக் கூடம் கொடுத்தது ஹாம்ப்டன்! 1970ல் மீயாக்குக்குக் கால் நட்ட ஏழு பேரில் ஒன்று ஏ அண்டு டி! வீடு கட்டியவர்களே வெளியேறினார்கள்.

அவர்கள் சொல்லும் காரணங்களையும் கேட்போம். ஏ அண்டு டி, கறுப்பர் கல்லூரிகளில் மிகப் பெரியது; 13,000க்கு மேற்பட்ட மாணவர்கள். பொறியியல் கல்வியில் பெயர் பெற்றது. "எங்கள் தகுதிக்கேற்ற பெரிய மேடையில் நிற்க எங்களுக்கு உரிமை இல்லையா? கறுப்பர் கல்லூரி என்றால் கறுப்பர் கூட்டணிக்குள்ளேயே அடங்கிக் கிடக்க வேண்டுமா?" என்பது அவர்களின் வாதம். எளிதில் ஒதுக்கித் தள்ளக் கூடிய வாதம் அல்ல. ஒதுக்கி வைத்ததை எதிர்த்துப் போராடியவர்களின் பிள்ளைகள், ஒதுங்கி இருக்க மறுப்பதில் வியப்பென்ன?

ஆனால் களத்தில் நடந்ததையும் பார்க்க வேண்டும். மீயாக்கில் இருந்தபோது ஏ அண்டு டி 2015, 2017, 2018, 2019 ஆகிய நான்கு ஆண்டுகளில் அட்லாண்டா நகரத்து செலிப்ரேஷன் பவுல் ஆட்டத்தை வென்றது. மீயாக் வெற்றியாளரும் ஸ்வாக் வெற்றியாளரும் மோதும் ஆட்டம் அது. கறுப்பர் கல்லூரி உலகத்தின் திருவிழா! புதிய கூட்டணியில் 2023ல் பதினோரு ஆட்டங்களில் ஒன்று வென்றது. 2024ல் பன்னிரண்டில் ஒன்று. வெற்றி தோல்வி நாளை மாறலாம். அதைக் கொண்டு கேலி செய்ய மாட்டோம். நாம் கேட்பது வேறு. தனியாகப் போனபோது அவர்கள் பேரம் பேசும் வலிமை கூடிற்றா? பழைய வீட்டில் மூத்தவர் சொல்லுக்கு இருந்த மதிப்பு, புதிய வீட்டில் கடைசியாக வந்தவர் சொல்லுக்கு உண்டா?

எட்டு ஆறானால்?

எஞ்சியவர்களைப் பார்ப்போம். ஹோவர்டு, மார்கன் ஸ்டேட், கொப்பின் ஸ்டேட், மேரிலாந்து ஈஸ்டர்ன் ஷோர், டெலவேர் ஸ்டேட், நார்ஃபோக் ஸ்டேட், நார்த் கரோலினா சென்ட்ரல், சவுத் கரோலினா ஸ்டேட் ஆகியவை 2021ல் மீயாக்கில் நின்ற எட்டு. இவற்றில் கால்பந்து ஆடியவை ஆறே.

முதல் பிரிவில் கூட்டணி என்று பெயர் தாங்க ஏழு கல்லூரிகளாவது வேண்டும் என்பது அந்நாட்டுக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் விதி. சலுகைக் காலம் சிறிது தருவார்கள், விதி விதிதான். எட்டில் இரண்டு போனால் ஆறு. அப்போது ஐம்பது ஆண்டுக்கு மேற்பட்ட கூட்டணி காகிதத்தில்தான் இருக்கும்.

அதனால் என்ன நட்டம் என்று கேட்கலாம். ஒவ்வொரு மார்ச்சிலும் நடக்கும் நாடளாவிய கூடைப்பந்துப் போட்டிக்குக் கூட்டணியின் வெற்றியாளர் நேரே போகலாம். அங்கே ஆடும் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் கூட்டணிக்கு ஒரு பங்கு. அது ஆறு ஆண்டுகளில் சுமார் 20 இலட்சம் டாலராகத் திரும்பி வரும். பெரிய கல்லூரிக்கு அது சில்லறை. சிறிய கல்லூரிக்கு அது உயிர்.

அந்த வாயில் வழியே போனவர்கள் சும்மா திரும்பவும் இல்லை. 1997ல் கொப்பின் ஸ்டேட், சவுத் கரோலினாவை 78க்கு 65 என்று வீழ்த்தியது. 2001ல் ஹாம்ப்டன், ஐயோவா ஸ்டேட்டை ஒரே புள்ளியில் வென்றது. 2012ல் நார்ஃபோக் ஸ்டேட், மிசூரியை 86க்கு 84 என்று வென்றது. மூன்று தடவையும் வரிசையில் பதினைந்தாம் இடத்தவர், இரண்டாம் இடத்தவரைச் சாய்த்தார்கள். மூவரும் மீயாக் பிள்ளைகள். கூட்டணி கலைந்தால் இந்த வாயிலும் மூடும். பிறகு ஒவ்வொருவரும் தனித்தனியே வேறொருவர் வாசலில் நின்று இடம் கேட்க வேண்டியதே. கதவைத் திறப்பவன் வைத்ததுதான் நிபந்தனை.

தேய்வு தொடங்காமலும் இல்லை. பேஸ்பால் ஆடுவோர் எண்ணிக்கை குறைந்து, 2022க்குப் பிறகு மீயாக் அந்த ஆட்டத்தையே நடத்தவில்லை. அதை ஆடிய கல்லூரிகள் வடகிழக்குக் கூட்டணி ஒன்றில் ஒட்டு உறுப்பினராயின.

ஆயினும், ஒழிந்தது மீயாக் என்று ஒப்பாரி வைத்தவர்களின் கண்ணீர் காயுமுன்னே ஒன்று நடந்தது. 2021ல் ஜாக்சன் ஸ்டேட் அணியைப் புகழ்மிக்க பழைய ஆட்டக்காரர் டியான் சாண்டர்ஸ் நடத்தினார். தொலைக்காட்சி எல்லாம் அவர் பக்கம். அந்த அணியைச் சவுத் கரோலினா ஸ்டேட் அட்லாண்டாவில் 31க்கு 10 என்று மடக்கியது. மறு ஆண்டு நார்த் கரோலினா சென்ட்ரல் அதே ஜாக்சன் ஸ்டேட்டை 41க்கு 34 என்று கூடுதல் நேரத்தில் வென்றது. இரண்டு ஆண்டும் வென்றது, செத்தது என்று எழுதப்பட்ட கூட்டணியே!

2022 டிசம்பரில் சாண்டர்ஸ் கொலராடோ என்ற பெரிய கல்லூரிக்குப் போனார். அவர் கொண்டு வந்த சிறந்த இளைஞர் டிராவிஸ் ஹன்டரும் கூடவே போய், 2024ல் நாட்டின் தலைசிறந்த கல்லூரி ஆட்டக்காரர்க்குரிய ஹைஸ்மன் விருதைப் பெற்றார். போகட்டும், வாழ்க! அதே 2024ல் சாண்டர்ஸ் இல்லாத ஜாக்சன் ஸ்டேட் செலிப்ரேஷன் பவுலை வென்றது. ஒரு மனிதர் வந்தால் வெளிச்சம் வரும். அவர் போன பிறகும் விளக்கு எரிய வேண்டுமானால் எண்ணெய் வார்க்க ஓர் அமைப்பு வேண்டும்.

யாரைக் கேட்பது கணக்கு?

இப்போது அந்த 1890ஆம் ஆண்டு மறதிக்கு வருவோம். நியாயமான பங்கு என்றது சட்டம். கிடைத்ததா?

2023 செப்டம்பரில் அமெரிக்கக் கல்வி அமைச்சரும் வேளாண்மை அமைச்சரும் பதினாறு மாநில ஆளுநர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். முப்பது ஆண்டு காலத்தில் மட்டும் அந்த மாநிலங்களின் கறுப்பர் கல்லூரிகளுக்குச் சேர வேண்டிய 1,200 கோடி டாலருக்கு மேற்பட்ட தொகை சேரவில்லை என்று கணக்குக் காட்டினார்கள். டென்னசி ஸ்டேட் கல்லூரிக்கு மட்டும் சேராதது 210 கோடி டாலர். முப்பது ஆண்டுக் கணக்கு இது. நூற்று முப்பது ஆண்டுக் கணக்கை யார் போடுவது?

210 கோடி கையில் இருந்த கல்லூரி, 76க்குப் பூஜ்யம் தோற்று 9 இலட்சம் வாங்கப் பிச்சைப் பாத்திரம் ஏந்துமா? பயணச் செலவுக்கு அஞ்சிக் கூட்டணி மாறுமா? விலகியவனைக் கடிந்து கொள்வது எளிது. அவன் சட்டைப்பையை முன்பே காலி செய்தவன் யார் என்று கேட்பதுதான் கடினம். நாம் அந்தக் கேள்வியையே கேட்கிறோம்.

கேட்டால் கிடைக்குமா? ஒற்றுமையாகக் கேட்டவர்களுக்குக் கிடைத்தது. மேரிலாந்து மாநிலத்தில் போவி, கொப்பின், மார்கன், ஈஸ்டர்ன் ஷோர் ஆகிய நான்கு கல்லூரிகளின் மாணவரும் பழைய மாணவரும் ஒன்று திரண்டு 2006ல் மாநிலத்தின் மீது வழக்குத் தொடுத்தார்கள். நாங்கள் நடத்தும் பாடத்தையே பக்கத்து வெள்ளையர் கல்லூரியிலும் தொடங்கி, எங்கள் மாணவரை மாநிலமே இழுத்துக் கொள்கிறது என்பது அவர்கள் முறையீடு. 2013ல் நீதிபதி அவர்கள் பக்கம் நியாயம் கண்டார். மாநிலம் இழுத்தடித்தது. அவர்கள் விடவில்லை. 2021ல் 57 கோடியே 70 இலட்சம் டாலர் தர மாநிலம் சட்டம் இயற்றியது. பதினைந்து ஆண்டுப் போராட்டம்! நான்கும் தனித்தனியே சமரசம் பேசி இருந்தால் இந்தத் தொகை வந்திருக்குமா?

அந்த நான்கில் மூன்று மீயாக் உறுப்பினர்கள் என்பதைக் கவனியுங்கள். நீதிமன்றத்தில் கைகோத்து நிற்கத் தெரிந்தவர்களுக்கு மைதானத்திலும் நிற்கத் தெரியும்.

செய்ய வேண்டியது என்ன? 2005ல் இருந்து மீயாக்கும் ஸ்வாக்கும் ஆண்டுத் தொடக்கத்தில் ஓர் ஆட்டத்தைக் கூட்டாக நடத்தி வந்திருக்கின்றன. 2015ல் செலிப்ரேஷன் பவுலைத் தொடங்கியபோது ஒவ்வொரு கூட்டணிக்கும் 10 இலட்சம் டாலர் என்று பேசி முடித்தார்கள். தொடக்கத்துக்கு ஓர் ஆட்டம், முடிவுக்கு ஓர் ஆட்டம் என்று கூட்டாகப் பேரம் பேச முடிந்தவர்களுக்கு, நடுவில் உள்ள முழுப் பருவத்துக்கும் பேச ஏன் முடியாது? 2021 கணக்கில் ஸ்வாக் பன்னிரண்டு, மீயாக் எட்டு. ஆக இருபது கல்லூரிகள். அவற்றின் பேண்டு வாத்தியம் கேட்கவே ஆயிரமாயிரம் மக்கள் அரங்கம் வருகிறார்கள். ஃபுளோரிடா ஏ அண்டு எம்மின் வாத்தியக் குழுவை 1989ல் பிரெஞ்சுப் புரட்சியின் இருநூறாவது ஆண்டு விழாவுக்குப் பாரிஸ் நகரமே அழைத்தது! நியூ ஆர்லியன்ஸில் 1974ல் தொடங்கிய கிராம்பிளிங்-சதர்ன் ஆட்டத்தைக் காண ஊரே திரளும். இந்தச் சரக்கைத் துண்டு துண்டாக விற்றால் வாங்குபவன் சொன்ன விலை. மொத்தமாக வைத்துப் பேசினால் விற்பவன் சொல்லும் விலைக்கும் காது கொடுப்பான்.

விலகியவர்க்கும் வாயிலை அடைக்கத் தேவையில்லை. ஹாம்ப்டனும் ஹோவர்டும் மோதும் பழைய ஆட்டம், ஏ அண்டு டியும் சென்ட்ரலும் மோதும் பழைய ஆட்டம் ஆகியவை கூட்டணிக் கோட்டைத் தாண்டியும் நடக்கலாம். வீடு வேறானாலும் உறவு வேறாக வேண்டியதில்லை.

தோழர்களே! ஆலை வாயிலில் நிற்கும் தொழிலாளிக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. கூலி உயர்வு தனியாகக் கிடைக்கும் என்ற ஆசை வார்த்தை முதலில் சங்கத்தின் வலுவான ஆளிடம்தான் பேசப்படும். அவன் போனபின் அடுத்த வலுவானவனிடம். கடைசியில் மிஞ்சுபவனிடம் ஆசை வார்த்தையும் பேச மாட்டார்கள், ஆணைதான் வரும். கலையும் கூட்டணியைக் கண்டு கைதட்டுகிறவர்கள் யார் என்று பார்த்தாலே, அதைக் காக்க வேண்டிய அவசியம் விளங்கிவிடும்.

தையல் வகுப்புப் பெண்கள் தைத்த உடையோடு பனியில் இறங்கியவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். எட்டுக் கல்லூரிகளும் இன்னொரு பன்னிரண்டும் ஒரு மேசையில் அமர்ந்து, மாநிலங்களிடம் பாக்கியையும் தொலைக்காட்சியிடம் பங்கையும் ஒரே குரலில் கேட்கட்டும். பாக்கி சிறியதல்ல, கேட்கும் உரிமை அதைவிடப் பெரியது. அந்தக் குரல் எழும் நாளை எதிர்பார்க்கிறோம், எழும்போது வாழ்த்துவோம்!